ஜரிகை ஜாக்கெட்

கத்திச்சண்டை ஆடுகிறவள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். நிஜக் கத்தியா என்பது முதலாவது. ரத்தம் வருமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் இல்லை என்று சொன்னதும் கேட்டவர்களுடைய முகத்தில் ஓர் ஏமாற்றம் வரும் பாருங்கள், அதைப் பார்த்தே எனக்குப் பாதி வாழ்க்கை போய்விட்டது. சித்தூரில் முதன்முதலாக எனக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தியவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பேனர் வைத்தார்கள். கவசம் போட்டுக் குதிரைமேல் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு ராணியின் கழுத்துக்கு மேலே என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டியிருந்தார்கள். அதில் குதிரைதான் கொஞ்சம் லட்சணமாக இருந்தது. பேனரைக் கழற்றும்வரை நான் அந்தப் பக்கமே போகவில்லை. வேலூர் பஸ்ஸைக்கூட அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போய்த்தான் ஏறினேன்.

மாநிலச் சாம்பியன் என்று பேப்பரில் நாலு வரி வரும்போதும் எனக்கு இதே கூச்சம்தான். எங்கள் மாநிலத்தில் அப்போது சேபர் என்கிற இந்தக் கத்தியாட்டம் ஆடிய பெண்கள் எல்லோரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடலாம், டிரைவர் பக்கத்தில் இடம் மிச்சம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் முதலாவதாக வருவது பெரிய சாமர்த்தியம் இல்லை. பின்னால் தேசியப் போட்டிகளில் தங்கம் வாங்கினேன். அவற்றை நியாயமாக வாங்கினேன், யார் முன்னாலும் சொல்லுவேன். ஆனால் எனக்குச் சர்க்கார் வேலை வாங்கிக் கொடுத்தது அந்தத் தங்கங்கள் இல்லை. அவற்றுக்கெல்லாம் முன்னால் திருப்பதியில் கிடைத்த ஒரு வெண்கலம். வீட்டுக்கு வருகிறவர்கள் ஷோகேஸைப் பார்த்து எது முதல் மெடல் என்று கேட்டால் நான் வேறு ஒன்றைக் காட்டிவிடுகிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். எங்கள் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவோம், சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே வந்தது. புதிது புதிதாக ஃபேக்டரிகள் முளைத்த காலம். கூழைப் பீப்பாயில் அடைத்து அரபு நாடுகளுக்கு அனுப்பினார்கள். மாம்பழ சீசன் இருக்கும்வரை நைனாவின் சட்டையும் முடியும் வியர்வையும் எல்லாமே இனித்துக் கிடக்கும், ஈ மொய்க்கும். சீசன் முடிந்தால் கிடைத்த கூலிக்குப் போவார், கிடைக்காத நாளில் டீக்கடையில் பேப்பர் படிப்பார். அப்புறம் பீப்பாய் போன வழியிலேயே எங்கள் தெருப் பெண்களும் போக ஆரம்பித்தார்கள். எங்கள் அம்மா குவைத்துக்குப் போனபோது நான் எட்டாம் வகுப்பு.

ஒரு பெரிய வீட்டில் சமையல், துணி, பாத்திரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அம்மாதான். வெள்ளிக்கிழமைகளில் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். நைனா தவறாமல் ஒரு கேள்வி கேட்பார், அங்கே கடையில் நம்ம ஊர் மாங்கூழ் டின் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று அம்மா தவறாமல் சொல்லுவாள். அவளை அந்த வீட்டார் கடைக்கு அனுப்பியதே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் அதற்குள் திருப்பதியில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இருந்தேன். ஓட்டப்பந்தயத்துக்கு என்றுதான் சேர்த்தார்கள். ஒரு நாள் நீளமான மரப்பெட்டிகளில் கத்திகளும் முகமூடிகளும் வந்து இறங்கின. பெண்கள் அணிக்கு நாலு பேர் வேண்டும், யார் யார் உயரம் என்று கோச் பார்த்தார். எனக்கு இடது கைதான் முந்தும் என்று தெரிந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். இடது கைக்காரியோடு ஆடுவது எதிராளிக்குத் தொல்லையாம். சின்ன வயதில் இடது கையால் துன்னக்கூடாது என்று அம்மா கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றியிருந்தாள். சாப்பாடும் எழுத்தும் வலதுக்குப் போயிருந்தன, வெட்டு மட்டும் இடதிலேயே தங்கியிருந்தது. ஊருக்கு லீவில் போனபோது வெள்ளை முக்கால் கால்சட்டையும் முட்டிவரை சாக்ஸும் போட்ட போட்டோவைக் காட்டினேன். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு போட்டோ எதுவும் கொண்டுபோகவில்லை.

சேபர் ஆட்டம் புரிந்துகொள்ளச் சுலபம்தான். இடுப்புக்கு மேலே எங்கே கத்தி பட்டாலும் பாயிண்ட். அதற்காக வெள்ளைச் சட்டைக்கு மேல் உலோக நூல் நெய்த ஒரு ஜாக்கெட் போட்டுக்கொள்ளுவோம். நாங்கள் அதை ஜரிகை ஜாக்கெட் என்போம். முதுகில் ஒயர் மாட்டியிருக்கும். எதிராளியின் கத்தி அந்த ஜரிகையையோ முகமூடியின் கம்பி வலையையோ தொட்டால் மின்சாரம் ஓடி மேஜையில் விளக்கு எரியும். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன காலம் போய் விளக்கு சொல்லும் காலம் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. ஹாஸ்டல் ஜாக்கெட்டுகள் பலர் போட்டுப் போட்டு நைந்திருந்தன. எனக்கென்று சொந்தமாக ஒன்றை அம்மா அனுப்பிய சம்பளத்தில் நைனா வாங்கிக் கொடுத்தார். அதை நான் போட்டிக்கு மட்டும் எடுப்பேன். பயிற்சிக்கெல்லாம் ஹாஸ்டல் கந்தல்தான்.

நான் கல்லூரியில் இருந்தபோது பெண்கள் சேபருக்கான தேசியப் போட்டி திருப்பதியிலேயே நடக்கும் என்று முடிவானது. தசரா முடிந்த கையோடு. அந்த வருஷம்தான் அம்மா இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். தேசியப் பதக்கம் ஏதாவது ஒன்று இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எனக்கு வேலை நிச்சயம் என்று கோச் நைனாவிடம் சொல்லியிருந்தார். வேலை கிடைத்துவிட்டால் அம்மா திரும்பிப் போக வேண்டாம். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அம்மாவே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பாப்பா மெடல் எடுத்துட்டா நான் விசாவைக் கிழிச்சிப் போட்டுடுவேன் என்று. நான் விளையாடியதை அதுவரை அவள் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு நான் சித்தூர் வந்தேன். அம்மா குவைத்திலிருந்து கொண்டுவந்த மிக்ஸி, டேப் ரிக்கார்டர், நைனாவின் சைக்கிள், மாங்காய் அறுக்கும் கத்தி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தாள். நடுவில் என் சேபர், முகமூடி, ஜாக்கெட். முகமூடியின் வலையில் சாமந்திப்பூ செருகியிருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஜாக்கெட்டின் நெஞ்சில் மஞ்சள் குழைத்து வைத்துக் குங்குமமும் இட்டிருந்ததைப் பார்த்ததும் கத்திவிட்டேன். இது துணி இல்லை, மெஷின் மாதிரி, இதன் மேல் எதுவும் படக்கூடாது என்று. பூஜை முடிகிறவரையாவது பொறு என்று நைனா சொன்னார். நான் பொறுக்கவில்லை. ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்து எடுத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு அம்மாதான் பையை அடுக்கித் தந்தாள். திருப்பதி வந்து பிரித்துப் பார்த்தால் பழைய வாயில் புடவைத் துண்டில் ஜாக்கெட் சுற்றியிருந்தது. பளபளவென்றிருந்தது. வாங்கிய புதிதில்கூட அப்படி இல்லை. பக்கத்து அறைப் பெண் தொட்டுத் தொட்டுப் பார்த்து எங்கே கொடுத்து வெளுத்தாய் என்று கேட்டாள். அம்மா துடைத்திருப்பாள் என்று சொன்னேன். லேசாக வீட்டு வாசனை வந்தது, புடவைத் துண்டின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன். மிச்சமிருந்த மஞ்சள் கறையும் போயிருக்கிறதே என்று எனக்கு நிம்மதி. அவளைத் திட்டியதற்கு ஒரு போன் பண்ணிப் பேசியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

போட்டிக்கு முன்னால் எல்லோருடைய சாமான்களையும் பரிசோதிப்பார்கள். நீண்ட வரிசை. என் முறை வந்தபோது கழுத்துப் பக்கம், முதுகுப் பக்கம் என்று கம்பியால் தொட்டுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தித் தள்ளிவிட்டார்கள். மறுநாள் காலை நைனாவும் அம்மாவும் முதல் பஸ்ஸில் வந்து பார்வையாளர் காலரியில் உட்கார்ந்தார்கள். அம்மா குவைத்திலிருந்து கொண்டுவந்த மினுமினுப்புப் புடவை கட்டியிருந்தாள். காலரி வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அன்று நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அவ்வளவு நன்றாக ஆடினேன் என்று நினைத்தேன். காலிறுதியில் எனக்கு எதிராக நின்றவள் கேரளத்துப் பெண். என்னைவிடத் தேர்ந்தவள், அதற்கு முன் இரண்டு தடவை என்னைத் தோற்கடித்தவள். அன்று அவள் தலையிலோ தோளிலோ வெட்டினால் மட்டும் பாயிண்ட் வந்தது. விலாவில் வெட்டினாள், நெஞ்சில் வெட்டினாள், எனக்கு வலித்தது, விளக்கு எரியவில்லை. சேபரில் ஒரு விதி உண்டு. நான் கண் இமைக்கும் நேரம் முந்தி வெட்டிவிட்டால் அடுத்து வருகிற வெட்டுக்கு விளக்கு எரியாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் நான்தான் முந்துகிறேன் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா பார்க்கிறாள், அதனால்தான் கை இப்படிப் பறக்கிறது என்றும் எடுத்துக்கொண்டேன். ஜெயித்ததும் முகமூடியைக் கழற்றிக் காலரியைப் பார்த்துக் கத்தினேன். கேரளத்துப் பெண் சுவரோரமாக உட்கார்ந்து கையுறையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தைரியம் சொல்லும் தோரணையில் தோளில் தட்டிவிட்டு வந்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அரையிறுதிக்கு வந்துவிட்டால் தோற்றாலும் வெண்கலம் உண்டு. ஆகவே அப்போதே எனக்குப் பதக்கம் நிச்சயமாகிவிட்டது. கோச் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நைனா காலரியில் எழுந்து நின்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரையிறுதியில் வந்தவள் பஞ்சாப்காரி. நல்ல உயரம், நிதானம். ஆட்டத்தின் நடுவில் என் வெட்டு காற்றில் போனது, அவள் கத்தி என் விலாவில் சப்பென்று விழுந்தது. கூட்டம் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டது. விளக்கு எரியவில்லை. அவள் கத்தவில்லை, கோபப்படவில்லை. முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரெஃப்ரியிடம் என் ஜாக்கெட்டைச் சோதிக்கச் சொன்னாள்.

ரெஃப்ரி அவள் கத்தி நுனியை என் தோளில் வைத்தார். விளக்கு எரிந்தது. விலாவில் வைத்தார், இல்லை. நெஞ்சில் வைத்தார், இல்லை. வயிற்றில் வைத்து அழுத்தித் தேய்த்தார், அப்போதும் இல்லை. நான் கையைத் தூக்கிக்கொண்டு, சோதனைக்கு நிற்கும் மாடு மாதிரி நின்றேன். டெக்னீஷியன் மீட்டரோடு வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி விரலால் தடவினார், விரலை மோந்து பார்த்தார், பிறகு ரெஃப்ரியிடம் நீட்டினார். அவரும் மோந்தார். போட்டியின் தலைமை அதிகாரி, வடக்கத்தி மனிதர், நரைத்த மீசை, அவரும் வந்து மோந்தார். கோச்சின் முகம் வெளுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் என்று தெலுங்கில் என்னிடம் சொன்னார். என்ன பூசினாய் என்று கேட்டார்.

ஜாக்கெட் தானாகக் கெட்டிருந்தால் எச்சரிக்கைச் சீட்டோடு போகும், வேறு ஜாக்கெட் போட்டு ஆடலாம். மின்சாரம் ஓடாமல் இருக்க வேண்டுமென்றே எதையாவது பூசியிருந்தால் அது ஏமாற்று. ஆட்டக்காரியைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வெண்கலமும் போகும், வேலையும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த எண்ணெய் எங்கள் வீட்டு எண்ணெய் என்பதும் நானே வாங்கி மோந்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தலைமை அதிகாரி இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். அது பாதி உண்மை. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். கேரளத்துப் பெண்ணும் வந்து நின்றாள். காலையிலிருந்து தன்னுடைய எந்தெந்த வெட்டு எங்கே போயிற்று என்று அவள் அங்கேயே நின்று கணக்குப் போடுவது அவள் முகத்தில் தெரிந்தது.

காலரிப் படிகளில் அம்மா இறங்கி வருவதை நான் கவனிக்கவில்லை. வெறுங்காலோடு நேராக மேடைக்கே வந்துவிட்டாள். தடுக்க வந்த வாலண்டியரிடம், அது எம் பொண்ணுது என்று சொல்லிவிட்டு வந்தாளாம். எல்லோரும் ஜாக்கெட்டைக் கையில் வாங்கி வாங்கிப் பார்ப்பதைக் கண்டு, இவ்வளவு பளபளப்பாக யார் ஆக்கியது என்று விசாரிக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"நான்தான் பாப்பா தேச்சேன். அக்குள்ளலாம் பச்சையா களிம்பு ஏறிக்கினு இருந்துச்சி. புளி போட்டு நாருல நல்லா தேச்சி, திரும்ப களிம்பு புடிக்கக் கூடாதுன்னு குத்துவெளக்குக்குத் தடவற மாரி எண்ணெ தடவி வெச்சேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கோபித்துக்கொண்டு படுத்திருந்த அந்தப் பிற்பகலில், மஞ்சள் கறையை எடுப்பதற்காக ஜாக்கெட்டைப் புழக்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். வியர்வை பட்டுச் செம்பு நூலில் பச்சை பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். பூஜைக்குப் பித்தளைச் சாமான் தேய்க்கிற கை, அடுத்து என்ன செய்யும்? நார் பட்டு நெஞ்சிலும் விலாவிலும் கண்ணுக்குத் தெரியாமல் நூல்நூலாக அறுந்திருக்கிறது, அறாத இடத்தில் எண்ணெய் படிந்திருக்கிறது. குவைத்தில் அந்த வீட்டு வெள்ளிச் சாமான்களைத் துலக்குவதும் அவள்தான். அதில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு.

கோச் தலையில் அடித்துக்கொண்டார். தலைமை அதிகாரிக்குத் தமிழ் புரியவில்லை, யார் இந்தப் பெண்மணி, மேடையில் என்ன வேலை என்று அதட்டினார். அந்த அதட்டலில் அம்மா மாறிப்போனாள். மலர்ச்சி ஒரே நொடியில் காணாமல் போயிற்று. இரண்டு கையையும் வயிற்றுக்கு நேராகக் கோத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, பார்வையை அவருடைய ஷூவில் வைத்து நின்றாள். எங்கள் வீட்டில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. தெருவில் சண்டை என்றால் முந்தானையைச் செருகிக்கொண்டு முதலாவதாக இறங்குகிறவள் அவள். கோத்த கையை எடுக்காமல், மளமளவென்று இந்தியில் பேச ஆரம்பித்தாள். குவைத்தில் பக்கத்து வீடுகளில் வேலை செய்த பெண்களிடம் கற்றுக்கொண்ட இந்தி. எனக்குப் பாதிதான் புரிந்தது. கோச் பிறகு எனக்கு முழுதாகச் சொன்னார்.

"ஐயா, தப்பு என்னுடையது. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நான் கழுவினேன், நான்தான் கெடுத்தேன். என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்."

முதலில் டெக்னீஷியன்தான் சிரித்தார். சம்பளமா, எந்தச் சம்பளம் என்று அவர் திருப்பிக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துச் சொன்னார், புளி போட்டுத் தேய்த்தாளாம், விளக்குக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாளாம் என்று. அது இந்தியில் ஒரு சுற்று, இங்கிலீஷில் ஒரு சுற்று, தெலுங்கில் ஒரு சுற்று போயிற்று. தலைமை அதிகாரியின் மீசைக்குக் கீழேயும் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு காரணத்தை யாராலும் புனைந்து சொல்ல முடியாது, இதில் ஏமாற்று இல்லை என்று அவர் ரெஃப்ரியிடம் சொன்னார். எனக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும் காட்டினார்கள். முடிந்த ஆட்டங்கள் முடிந்ததுதான், காலிறுதியைத் திரும்ப ஆட விதி கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. எல்லோரும் சிரித்து ஓயும்வரை கையைக் கோத்தபடி நின்றாள். போகலாமா என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகு, பின்பக்கமாகவே இரண்டு அடி நகர்ந்து அப்புறம் திரும்பினாள்.

நான் சிரிக்கவில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. அம்மா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம், ரெண்டு எட்டுத்தான். நான் நின்ற இடத்திலேயே நின்று, அவள் சீக்கிரம் மேடையை விட்டு இறங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அவளுடைய கால்தடம் ஈரமாகத் தெரிந்தது, வியர்த்திருந்தாள் போல.

எனக்கு வேறு ஜாக்கெட் வேண்டியிருந்தது. எங்கள் அணிப் பெண்களுடையது எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. கேரளத்துப் பெண் தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினாள். நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். இன்னும் அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது. முதுகில் அவள் மாநிலத்தின் பெயரோடு மீதி ஆட்டத்தை ஆடி, படுமோசமாகத் தோற்றேன். என் விலாவில் பட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் விளக்கு ஒழுங்காக எரிந்தது. காலையிலிருந்து நான் எவ்வளவு வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாலையில் மேடையேற்றி வெண்கலத்தைக் கழுத்தில் போட்டார்கள். திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அம்மா குவைத் போகாமல் இருக்க அது வேண்டியிருந்தது. அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நைனாதான் பேசிக்கொண்டு வந்தார். வேலை உத்தரவு எப்போது வரும், எந்த ஊரில் போடுவார்கள், காணிப்பாக்கம் போய் ஒரு அபிஷேகம் செய்துவிட வேண்டும் என்று. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாகாலாவில் பஸ் நின்றபோது கடலை வாங்கி என் மடியில் வைத்தாள். அதைத் தவிர எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வேலை வந்தது. இன்றும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன். தங்கங்கள் அப்புறம் வந்தன. அணியோடு வெளிநாடுகூடப் போய் வந்தேன். ஆனால் போட்டிக்குப் போகிற இடத்தில் எல்லாம் புளிக் கதை எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள்கூட அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நானும் பாதியோடு நிறுத்திச் சொல்லப் பழகிக்கொண்டேன். புளி, நார், எண்ணெய் வரைக்கும் சொல்லுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கேரளத்துப் பெண் அடுத்த வருஷம் ஆட வரவில்லை. கல்யாணம் ஆகி துபாய் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளை நான் தேடிப் பிடித்திருக்கலாம்.

திருப்பதியிலிருந்து நாங்கள் திரும்பியபோது அம்மாவின் லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. வேலை எப்படியும் வந்துவிடும், கோச் எழுதிக் கேட்டிருக்கிறார், ஆகவே அவள் பெட்டி கட்ட மாட்டாள் என்று நான் நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் எழுந்து வந்தால் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. குவைத் வீட்டு அம்மாளுக்கு என்று ஆவக்காய் ஊறுகாயை நாலைந்து கவரில் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். மெடல் எடுத்தால் போகமாட்டேன் என்று சொன்னாயே, எடுத்துவிட்டேனே என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். சம்பளம் வர ஆரம்பித்தால் நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திரு என்றேன்.

அம்மா ஊறுகாய்ப் பொட்டலத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்து, நகராமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். அவள் குரலில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள்.

"அங்க எனக்கு எல்லா வேலையும் தெரியும் பாப்பா. இங்க எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னே எனக்குத் தெரியல."

பெட்டி நிரம்பி வழிந்தது. மூடியை அழுத்தினாள், பூட்டு சேரவில்லை. கொஞ்சம் இதும் மேல உக்காரு என்று சொன்னாள். நான் எழுந்து போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன், அவள் பூட்டினாள்.